முதல் கொக்கியும் முதல் நூலும்

நமது பங்குக் கோவிலில் பூசை உடைகள் வைக்கும் அறையின் அலமாரியில், கீழ்த்தட்டில், பழைய பிஸ்கோத்துத் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதனுள் ஒன்பது சிறு துணுக்குகள் கிடக்கின்றன. வெள்ளை நூலால் பின்னத் தொடங்கி, இரண்டு விரல் அகலம் வளருமுன்னே கைவிடப்பட்டவை. சிலவற்றில் கொக்கி ஊசி கண்ணியில் மாட்டியபடியே நிற்கிறது. வியர்வை பட்டுப் பட்டு நூல் சாம்பல் பூத்துவிட்டது. இரண்டில் துருவின் செங்கறை படிந்திருக்கிறது. ஆவலோடு தொடங்கிய ஒன்பது பெண்மக்கள் வெட்கத்தோடு திருப்பித் தந்துவிட்டுப் போன வேலை அது. பிழை அவர்களுடையதன்று, நம்முடையது. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

நடந்தது இதுதான். நம் கோவிலின் பெரிய பீடத்தில் விரிக்கும் துகிலுக்கு, யாரோ ஒரு தாய் பல ஆண்டுகளுக்கு முன் கையால் பின்னிக் கொடுத்த குரோஷா விளிம்பு இருந்தது. துவைத்துத் துவைத்து அது இற்றுப் போயிற்று. கடையில் இயந்திர லேஸ் வாங்கித் தைத்தோம், கண்ணுக்குப் பொருந்தவில்லை. நம் பங்குப் பெண்களே இக்கலையைக் கற்றால் என்ன என்று ஒரு ஞாயிறன்று அறிவித்தோம். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் மடத்திலிருந்து ஒரு சகோதரி வாரம் ஒருமுறை வந்து கற்பிக்க ஒப்புக்கொண்டார். வேண்டிய பொருள்களை நாமே பட்டணத்துக்குப் போய் வாங்கி வந்தோம். ஆடவர் வாங்கினால், அதிலும் குருக்கள் வாங்கினால், எப்படி இருக்கும் என்பதை இல்லத்தரசியர் அறிவார்கள். கடையிலிருந்தவற்றுள் மிக மெல்லிய வெள்ளை நூலையும், அதற்கேற்ற, முனை கண்ணுக்கே தெரியாத எஃகுக் கொக்கிகளையும் பொறுக்கி எடுத்தோம். நம் மனத்தில் இருந்தது பீடத்துகில் ஒன்றே. துகிலுக்கு எந்த நூலோ அதனாலேயே பழக வேண்டும் என்று எண்ணிவிட்டோம்.

சகோதரி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, “சாமி, இது நாற்பதாம் நம்பர் நூலாயிற்றே” என்று மெதுவாகச் சொன்னார். நாம் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டோம்.

ஆறு வாரங்களில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். கடைசியாக நின்றவர் கடைத்தெருவில் பூக்கட்டும் ஒரு தாய். வயது ஐம்பதுக்கு மேல். மல்லிகையும் கனகாம்பரமும் அவர் விரலிடையே ஓடி மாலையாவதை நின்று பார்த்திருக்கிறோம். பேசிக்கொண்டே, கையைப் பாராமலே கட்டுவார். அவர் வந்து ஊசியையும் நூலையும் மேசைமேல் வைத்து, “என் கைக்கு இது வராது சாமி. வயசும் ஆச்சு, கண்ணும் தெரியல. சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுங்க” என்றார். பூக்கட்டும் விரல்களுக்கு வராத கண்ணி உலகில் உண்டா? அன்றுதான் நமக்கு உறைத்தது.

மறுவாரம் சகோதரி தம் பையிலிருந்து வெளிர்மஞ்சள் நிறத்தில் பருமனான அக்ரிலிக் நூலுருண்டை ஒன்றையும், பென்சில் போன்ற ஓர் அலுமினியக் கொக்கியையும் எடுத்து அந்தத் தாயிடம் கொடுத்தார். அரை மணியில் அவர் இரண்டு வரி பின்னிவிட்டார். அவரது கையிலோ வயதிலோ குறையில்லை. முன்பு கொடுத்த நூலில் அவரால் கண்ணியைப் பார்க்கவே இயலவில்லை. பார்க்க முடியாததைக் கை எப்படிக் கற்கும்? செய்து முடிக்க விரும்பும் பொருளை நினைத்து முதல் கருவியை வாங்கக்கூடாது. கற்கின்ற கையையும் கண்ணையும் நினைத்தே வாங்க வேண்டும். சகோதரியிடமும் கடைக்காரர்களிடமும் கேட்டறிந்து, இரண்டாம் முறை பொருள் வாங்கியபோது நாம் தெரிந்துகொண்டவற்றை இனிச் சொல்வோம்.

குரோஷா என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. வேலையின் பெயரும் கருவியின் பெயரும் ஒன்றே. கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் லேஸ் என்றதும் முளகுமூட்டை நினைப்பார்கள். பெல்ஜியத்திலிருந்து 1897-இல் அங்கு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தரின் சபைக் கன்னியர் வளர்த்த லேஸ் வேலை வேறு. அது திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, பல சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. கம்பளிச் சட்டை பின்னுவதற்கு இரண்டு நீண்ட ஊசிகள் வேண்டும். குரோஷாவுக்குத் திண்டும் இல்லை, சட்டமும் இல்லை. ஒரு கொக்கி, ஓர் இழை நூல். எந்நேரமும் கொக்கியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. இத்தனை எளிய தொழிலில் தேர்ந்தெடுக்க வேண்டியவை இரண்டே பொருள்கள். இரண்டிலும் தவறினால் தாங்கிப் பிடிக்க வேறொன்றும் இல்லை.

எளிமையே இதனை ஏழைகளிடம் கொண்டு சேர்த்தது. அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் தொடங்கியபோது, கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் இருந்த உர்சுலைன் கன்னியர் சிறுமியருக்குக் குரோஷா கற்பித்து வந்தார்கள். 1847-இல் குளோன்ஸ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் குருவின் துணைவியார் கஸாண்ட்ரா ஹாண்ட் அம்மையார் அதையே பரப்பினார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸைப் போலத் தோன்றும் வேலையை, அதைவிட மிகக் குறைந்த நேரத்தில் கொக்கியால் முடிக்க முடிந்தது. குடும்பங்கள் பட்டினியைத் தாங்க அது உதவிற்று. கொக்கி வாங்கக் காசில்லாதவர்கள் தடித்த கம்பியின் முனையை அராவி வளைத்து, மறுமுனையில் கட்டையைச் செருகிப் பிடி செய்துகொண்டார்கள் என்பர். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நீலகிரிக் கேத்தியிலேயே ஊசி செய்யும் ஆலை ஒன்று எழுந்தது. அந்தக் கம்பெனி பதிவானது 1949-இல். இன்று சிற்றூர்ப் பான்சிக் கடையிலும் கொக்கி கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

கொக்கியைக் கையிலெடுத்துப் பாருங்கள். நுனியில் தலை, தலைக்குக் கீழே நூல் தங்கும் வளைவு, அதைக் கழுத்து எனலாம், பின்னர் உருண்ட தண்டு, அதன்மேல் பெருவிரல் பதியத் தட்டையான இடம், பிறகு பிடி. கொக்கியின் அளவு என்று சொல்வது தண்டின் குறுக்களவையே. கண்ணி உருவாவது தண்டின்மேல். ஆகவே தண்டு எத்தனை பருமனோ அத்தனை பெரிதாகும் கண்ணி.

இந்த அளவைக் குறிப்பதில் உலகத்தார் செய்து வைத்திருக்கும் குழப்பத்துக்கு அளவில்லை. கடைக்காரரிடம் “எட்டாம் நம்பர் கொக்கி” என்று கேட்டால் மூன்று வெவ்வேறு பொருள்கள் வரக்கூடும். பழைய ஆங்கிலேயக் கணக்கில் எட்டு என்பது 4 மி.மீ.; அமெரிக்கக் கணக்கில் அதே எட்டு 5 மி.மீ.; லேஸ் பின்னும் எஃகுக் கொக்கியில் எட்டு என்றால் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. மட்டுமே. ஆங்கிலேயக் கணக்கிலும் எஃகுக் கொக்கியிலும் எண் ஏற ஏறக் கொக்கி மெலியும். அமெரிக்கரின் பருமக் கொக்கியில் எண் ஏற ஏறப் பருக்கும். நாம் முதன்முறை ஏமாந்ததில் இதற்கும் பங்குண்டு. ஆதலின் நம்பரை மறந்துவிடுங்கள். தண்டில் அல்லது தட்டை இடத்தில் பொறித்திருக்கும் மில்லிமீட்டரைப் பாருங்கள். பொறிக்கப்படாத கொக்கியை முதற்கொக்கியாக வாங்க வேண்டாம்.

தொடங்குகிறவருக்கு 5 மி.மீ. கொக்கி ஒன்று போதும். கையை இறுக்கிப் பின்னும் இயல்புடையவராயின் 5.5 மி.மீ. வாங்கலாம். நம் ஊர்க் கடையில் சற்று மெலிந்த உல்லன் நூல்தான் கிடைக்கிறது என்றால் 4 மி.மீ. வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். அரை மில்லிமீட்டரிலிருந்து தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு கொக்கிகளை அழகிய உறையில் அடுக்கி விற்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அவற்றுள் முதல் ஆறு மாதத்துக்குப் பயன்படுவன இரண்டோ மூன்றோதான். உலோகமும் பெரும்பாலும் மட்டமானது. அந்தப் பணத்துக்கு நல்ல கொக்கி ஒன்றும் நூலுருண்டை இரண்டும் வாங்குவது மேல்.

எதனால் செய்த கொக்கி என்பதிலும் கவனம் வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைந்த கொக்கிகள் எஃகால் ஆனவை. மெலிந்த தண்டு வளையாதிருக்க எஃகே வேண்டும். பெரிய கொக்கிகள் அலுமினியத்திலும் மூங்கிலிலும் மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் கிடைக்கின்றன. அலுமினியத்தில் நூல் வழுக்கி ஓடும். தொடங்குவோர்க்கு அதுவே நன்று. ஆனால் மேற்பூச்சில்லாத அலுமினியம் வெள்ளை நூலில் சாம்பல் தடம் விடுவதுண்டு. மூங்கில் கைக்கு இதமானது. கண்ணி சட்டென்று நழுவாமல் பிடித்துக்கொள்ளும். எனினும், வியர்க்கும் கையில் அக்ரிலிக் நூல் மூங்கிலோடு ஒட்டி இழுபடும். சித்திரை, வைகாசியில் இதைக் கண்கூடாகக் காணலாம். மட்டமான பிளாஸ்டிக் கொக்கி வளையும். நடுவில் அச்சின் விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கண்ணியிலும் உரசும்.

எதுவாயினும் வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். தலையையும் கழுத்தையும் விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். பின்பு சேலைத் தலைப்பில், நைலான் சேலையாயின் இன்னும் நல்லது, தலையை அழுத்தாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எங்கேனும் சிக்கினால் அந்தக் கொக்கி நூலையும் பிரிக்கும். தலை மிகக் கூராக இருந்தால் நூலின் புரிகளுக்கிடையே குத்தி நுழையும். மிக மழுங்கலாக இருந்தால் கண்ணிக்குள் நுழையாது. நடுத்தரமான உருண்டை முனையைத் தேர்ந்துகொள்ளுங்கள். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குத் தனிக் கொக்கி தேவையில்லை; கொக்கி இரண்டு கைக்கும் ஒன்றே. கற்பிப்பவர் எதிரில் அமர்ந்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்துப் பழகிவிடலாம். நம் வகுப்பில் இடக்கைச் சிறுமி ஒருத்தி, வீட்டாருக்குப் பயந்து வலக்கையால் பின்னி ஒரு மாதம் துன்புற்றாள். சகோதரி ஊசியை அவள் இடக்கைக்கு மாற்றிய பின்பே வேலை ஓடிற்று.

பிடிக்கும் முறை பற்றிப் பெரிய வழக்குகள் உண்டு. சிலர் பென்சிலைப் போலப் பிடிப்பார்கள். சிலர் காய் நறுக்கும் கத்தியைப் போலப் பிடிப்பார்கள். எது நோகாதோ அது சரி. விரல் மூட்டில் வாதமுள்ளவர்கள் ரப்பர்ப் பிடியிட்ட கொக்கியைத் தேடுவது நன்று. அது கிடைக்காவிடில், பிடியின்மேல் துணியைப் பலமுறை சுற்றித் தைத்துக்கொள்ளலாம்.

இனி நூல். கொக்கியில் தவறினால் மாற்றிக்கொள்ளலாம். நூலில் தவறினால்தான் மனம் ஒடிகிறது. ஆகையால் சற்று விரித்தே சொல்வோம்.

முதலில் பருமன். லேஸுக்குரிய பருத்தி நூலில் பத்து, இருபது, நாற்பது, எண்பது என்று எண்ணிட்டிருப்பார்கள். நெசவாளர் குடும்பத்து வாசகர்களுக்கு இது விளங்கும்: தறி நூலைப்போலவே நம்பர் கூடக் கூட நூல் மெலியும். நாற்பதாம் நம்பருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கொக்கி வேண்டும். அதைத்தான் வெள்ளெழுத்து விழுந்த கண்களுக்கு நாம் வாங்கிக் கொடுத்தோம்! உல்லன் நூலுக்கோ அமெரிக்க வழக்கில் 0 முதல் 7 வரை எண்ணிடுகிறார்கள்; இங்கே எண் கூடினால் நூல் பருக்கும். உறையில் சிறு நூற்கண்டின் படத்துக்குள் 4 என்றிருந்தால் அது நடுத்தரம், தொடங்குவதற்கு ஏற்றது. 3 என்றிருந்தால் சற்று மெலிவு, அதுவும் ஆகும். நான்கு புரி, எட்டுப் புரி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை இழைகளை முறுக்கியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். மெல்லிய எட்டு இழை, தடித்த நான்கு இழையைவிட மெலிவாகவும் இருக்கலாம்.

உறையே இல்லாத நூலாயின், அளவுகோலில் ஓர் அங்குல நீளத்துக்கு, இறுக்காமலும் இடைவெளியின்றியும் சுற்றிப் பாருங்கள். ஒன்பது முதல் பதினொரு சுற்று வந்தால் நடுத்தரம். இருபதைத் தாண்டினால் அதை அலமாரியில் வையுங்கள். வேறொரு நாளைக்கு ஆகும்.

அடுத்து நிறம். பெண்பிள்ளைகள் கருநீலத்தையும் கருஞ்சிவப்பையும் ஆசையாய் எடுக்கிறார்கள். கருநிற நூலில் கண்ணியின் துளை தெரியாது. மாலை விளக்கொளியில் பழகினவர்க்கும் தெரியாது. பால் வெள்ளையும் வேண்டாம். கை அழுக்கு உடனே தெரிந்து, பிரித்துப் பின்ன மனம் வராது. வெளிர்மஞ்சள், வெளிர்நீலம், இளம்பச்சை இவை நல்லவை. ஒரே நூலில் பல நிறங்கள் மாறி மாறி வருவது இப்போது மிகுதியாக விற்பனையாகிறது. அந்த நிறமாற்றத்தில் கண் அலைந்து, எது கண்ணி எது இடைவெளி என்று புரியாமல் போகும்.

நூலின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கட்டும். பூனைமயிர் போலப் பிசிர் விட்ட நூலும், முடிச்சு முடிச்சாய் வரும் அலங்கார நூலும் பின்னுவதற்கு மட்டுமன்றிப் பிரிப்பதற்கும் துன்பம். கற்பவர் நூறு முறை பிரிக்க வேண்டியவர். ஆகவே நூலைத் தேர்கையில், பிரித்தாலும் தாங்குமா என்று கேளுங்கள். ஒரு முழத்தை எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள்; புரிகள் எளிதில் பிரிந்து விரிந்தால் கொக்கி அவற்றுள் குத்திக்கொண்டே இருக்கும். முறுக்கு நன்கு விழுந்த நூலே வேண்டும்.

எந்த நூல் என்று கேட்டால், பழகுவதற்கு அக்ரிலிக் என்போம். விலை குறைவு, சற்று இழுபடும் தன்மை இருப்பதால் கை இறுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும், துவைத்தாலும் கெடாது. ஆனால் சூடு ஆகாது, இளகி உருகிவிடும். ஆகையால் சூடான சட்டி இறக்கும் பிடித்துணியை அக்ரிலிக்கில் பின்னவே கூடாது, கை சுடும். இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் வேலை தட்டையாகி உயிரற்றுப் போகும். பருத்தி நம் வெயிலுக்கு உகந்தது, பிள்ளைகளின் தோலுக்கும் உகந்தது, ஆயின் இழுபடாது. அதனால் தொடக்கத்தில் விரல் நோகும். இரண்டாவது உருண்டையாகப் பருத்தியை வாங்குங்கள். ஆட்டுக் கம்பளி கைக்கு மிக இனியது. கொடைக்கானலிலும் உதகையிலும் இருப்பவர்க்கு அது தேவைப்படலாம். சமவெளியில் பூச்சிக்கும் வெந்நீருக்கும் அதைக் காப்பது கடினம். வெந்நீரில் பிசைந்தால் சுருங்கிக் கட்டியாகிவிடும்.

கடைக்காரர் எல்லாவற்றையும் “உல்லன்” என்றே சொல்வார். குறையொன்றுமில்லை, வழக்கு அது. உண்மையில் எது என்று அறிய, ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். ஆட்டுக் கம்பளி மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து தானே அணையும். அக்ரிலிக் உருகி, ஆறியபின் கடினமான கருமணியாகும்.

காசு செலவிட வழியில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய பருத்திப் பனியனை, தையல் இல்லாத உடற்பகுதியில், அறுபடாமல் சுற்றிச் சுற்றி ஓர் அங்குல அகல நாடாவாக வெட்டி, இழுத்துவிட்டால் விளிம்பு தானே சுருண்டு பருமனான நூலாகும். திருப்பூர்ப் பக்கத்தில் ஆலைக் கழிவுத் துணியிலிருந்தே இவ்வாறான நூல் கிடைக்கிறது. இதற்கு எட்டு முதல் பத்து மி.மீ. கொக்கி வேண்டும்; கண்ணி ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவில் தெரியும். வேலை கனமாதலால் மணிக்கட்டு நோகும். ஒரு மணைவிரிப்பு பின்னிக் கண்ணியின் அமைப்பைக் கற்றுக்கொண்டு நிறுத்திவிடலாம்.

வாங்கும்போது உறையைக் கிழித்தெறியாதீர்கள். எடை, நீளம், ஏற்ற கொக்கியின் அளவு, சாயத்தொட்டியின் எண் இவை நான்கும் அதில் இருக்கும். ஐம்பது கிராம் என்பது ஒன்றாயிருப்பினும் ஒரு நூல் நூறு மீட்டர் வரும், மற்றொன்று நூற்றைம்பது வரும்; எடையை மட்டும் பார்த்து வாங்கியவர் பாதியில் நிற்பார். சாயத்தொட்டி எண்ணைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம். சிட்டமாக வாங்கினால் இருவர் எதிரெதிரே அமர்ந்து உருண்டையாகச் சுற்றிய பிறகே பின்னத் தொடங்குங்கள். சிட்டத்திலிருந்து நேரே இழுத்தால் அரை நாள் சிக்கெடுப்பதில் போகும். நம் வகுப்பில் அது நடந்தது. யாருடைய வேலை என்று சொல்லமாட்டோம்.

நூலையும் கொக்கியையும் கடையிலேயே சேர்த்துப் பாருங்கள். இழையைக் கொக்கியின் கழுத்தில் வையுங்கள். வெளியே பிதுங்கினால் கொக்கி சிறிது. உள்ளே ஆடினால் கொக்கி பெரிது. பின்னத் தொடங்கியபின், கண்ணிக்குள் கொக்கியைத் திருகித் திருகி நுழைக்க வேண்டியிருந்தால், “இன்னும் பழகு” என்று யாரும் சொல்ல வேண்டாம். அரை மில்லிமீட்டர் பெரிய கொக்கியைக் கொடுங்கள்.

முதல் வேலையாகக் குழந்தைச் சட்டையோ மேசைவிரிப்போ எடுக்க வேண்டாம். பதினாறு சங்கிலிக் கண்ணி போடுங்கள். கொக்கியிலிருந்து இரண்டாவது கண்ணியில் குத்தித் தொடங்கி, வரிக்குப் பதினைந்து பின்னல். வரி முடிந்ததும் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, மறுபடி பதினைந்து. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு எண்ணுங்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் சதுரம் மெல்ல மெல்ல முக்கோணமாகும். வரியின் கடைசிக் கண்ணியைத் தவறவிடுவதே காரணம். பருமனான நூலில் அந்தக் கடைசிக் கண்ணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுகொள்ளலாம். நாற்பதாம் நம்பர் நூலில் பழகியவருக்கு, தம் துணி ஏன் குறுகுகிறது என்பது இறுதிவரை மருமமாகவே இருந்தது. தகரப்பெட்டியிலுள்ள துணுக்குகள் பலவும் முக்கோணங்களே.

புத்தகத்தையோ கைப்பேசிப் படத்தையோ பார்த்துக் கற்பவர்களுக்கு மற்றொரு பொறி காத்திருக்கிறது. அமெரிக்கர் ஒற்றைக் குரோஷா என்பதை ஆங்கிலேயர் இரட்டைக் குரோஷா என்பர். அமெரிக்கரின் இரட்டை, ஆங்கிலேயரின் மும்மடி. நம் தாய்மார் வீட்டிலுள்ள பழைய புத்தகங்கள் பலவும் ஆங்கிலேய முறையின. கைப்பேசியில் வருவன பெரும்பாலும் அமெரிக்க முறையின. தாயும் மகளும் ஒரே சொல்லைச் சொல்லி வெவ்வேறாகப் பின்னிச் சண்டையிட்ட வீட்டை நாம் அறிவோம். தொடங்குமுன் எந்நாட்டு வழக்கு என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கற்றால் வீட்டிலிருந்தே பெரும் பொருள் ஈட்டலாம் என்று சொல்லி நூலும் கொக்கியும் விற்கிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். ஆந்திரத்தின் நரசாபூர்ப் பகுதியில் ஆயிரக்கணக்கான பெண்கள் தலைமுறைகளாகக் குரோஷா லேஸ் பின்னி வெளிநாடுகளுக்கு அனுப்பி வந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி மரிய மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982-இல் வெளியிட்ட நூலில், நாள் முழுதும் பின்னியும் அவர்கள் பெற்ற கூலி எத்தனை அற்பமானது என்பதையும், ஓய்வு நேரத்து வேலை என்று பெயரிட்டே அந்தக் கூலி குறைக்கப்பட்டதையும் காட்டியிருக்கிறார். விற்கும் எண்ணமுடையவர்கள் முதல் நாளிலிருந்தே ஒரு குறிப்பேட்டில் நேரத்தையும் நூலின் விலையையும் எழுதிப் பழகட்டும். விலை சொல்லும்போது நாக்கு தடுமாறாது.

பூக்கட்டும் தாயைப் பற்றிக் கேட்பீர்கள். 5 மி.மீ. கொக்கியில் இரண்டு மாதம் சதுரங்கள் பின்னினார். அவற்றைச் சேர்த்துப் பேரனுக்கு ஒரு போர்வை ஆயிற்று. பின்பு 4 மி.மீ.; பின்பு 2.5 மி.மீ. கொக்கியில் பருத்தி நூல். அதன்பின் பத்தாம் நம்பர் நூலும் ஒன்றரை மில்லிமீட்டர் எஃகுக் கொக்கியும். ஒவ்வொரு படியிலும் முதலில் ஒரு வாரம் தடுமாறினார். ஆனால் கண்ணி எங்கே இருக்கும் என்பது விரலுக்குத் தெரிந்திருந்ததால் கண்ணின் உதவி குறைவாகவே வேண்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியும் மாற்றிக்கொண்டார், அதை ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஓர் ஆண்டும் சில மாதங்களும் கழிந்தபின் தகரப்பெட்டியைக் கேட்டு வாங்கி, தம் துணுக்கைப் பிரித்தெறிந்துவிட்டு, இருபதாம் நம்பர் நூல் வாங்கித் தரச் சொன்னார். நாற்பது இப்போதும் வேண்டாமாம்.

இம்முறை மில்லிமீட்டரைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போனோம். கொக்கி சரியாகவே அமைந்தது. நூலில் மட்டும் மறுபடி ஒரு பிழை செய்தோம். சாயத்தொட்டி எண்ணைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம் என்றோமே, அது இதுதான். ஒரே தொட்டியில் சாயமேற்றிய உருண்டைகளுக்கு ஒரே எண் இருக்கும். ஒரு வேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே எண்ணில், ஓர் உருண்டை மிகுதியாகவே வாங்கிவிட வேண்டும். வெள்ளைக்கு அது எதற்கு என்று நாம் எட்டு உருண்டை மட்டும் வாங்கினோம். பீடத்தின் வலப்புறம் வருமுன் நூல் தீர்ந்தது. மறுமுறை போனபோது அந்த எண் கடையில் இல்லை. வேறு எண்ணில் இரண்டு உருண்டை வாங்கி வந்தோம்.

துகில் இப்போது பீடத்தில் இருக்கிறது. காலைப் பூசையில் கீழ்த்திசைச் சன்னலிலிருந்து வெயில் விழும்போது, வலப்பக்கக் கடைசி ஒன்றரை முழம் சற்று நீலமோடிய வெள்ளையாகத் தெரிகிறது. பிரித்துப் பின்னட்டுமா என்று அந்தத் தாய் கேட்டார், வேண்டாம் என்றோம். மீதமிருந்த நூலில் ஒரு முழத்தைச் சாயத்தொட்டி எண்ணுள்ள உறையோடு சேர்த்து அதே தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார். அடுத்து வாங்கப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகும்படி நமக்குக் கட்டளை.